குழலில் விழுந்த துளை

சைமா தன் கொழுந்தன் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் நவம்பர் முதல் வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் பழைய நீல டிரக் சாலையிலிருந்து திரும்பி உள்ளே வந்தபோது, விறகு பிளந்துகொண்டிருந்த தௌனோ கோடரியை ஓங்கியபடியே நின்றுவிட்டான். அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான்.

சைமா இறங்கினாள். பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். மேல்கோட்டுக்குக் கீழே வெள்ளை ஏப்ரன் தொங்கியது. சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் பனி இன்னும் இல்லை, ஆனால் பனியின் வாசனை இருந்தது. அவள் டிரக்கின் மறுபக்கம் போய், கம்பளியில் சுற்றிய நீளமான ஒன்றை ஒரு நோயாளியைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே நல்லாருக்காரா?" என்றான் தௌனோ.

"நல்லாத்தான் இருக்காரு. கோடரியக் கீழ போடு. பாக்கவே பயமா இருக்கு."

கொட்டகைக்குள் வந்து வேலை மேசையின் மேல் கம்பளியை விரித்தாள். அப்பாவின் துப்பாக்கி. லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய முப்பது-முப்பது ரகம். அடிக்கட்டையில் கை பட்டுப் பட்டு வால்நட் மரம் கறுத்துப் போயிருந்தது. அப்பா போனபிறகு அது மூத்தவன் வெய்க்கோவுக்குப் போனது. அதில் தௌனோவுக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. அவன் தனக்கென்று பிறகு ஒரு புதுத் துப்பாக்கி வாங்கிக்கொண்டான்.

அதன் பக்கத்தில் சைமா ஓர் அட்டைப் பெட்டியை வைத்தாள். உள்ளே சின்ன ஸ்கோப்பும், அதைத் தாங்கும் இரும்புப் பட்டையும், வளையங்களும், ஒரு பொட்டலத்தில் ஸ்க்ரூக்களும்.

"கண் டாக்டர் எழுதிக் குடுத்தாரு. அவரும் மான் வேட்டைக்காரர்தான். வயசான ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு, பின் குறி, முன் குறி, மான் மூணையும் ஒண்ணாப் பாக்க முடியாதாம். எதாவது ஒண்ணுதான் தெரியுமாம். ஸ்கோப்புல பாத்தா எல்லாம் ஒரே தட்டுல தெரியுமாம். எடது தோள்ல வச்சுச் சுடப் பழகிட்டாரு. ஒரு மாசமா சமையலறையில நின்னுக்கிட்டு வெறும் துப்பாக்கியத் தூக்கித் தூக்கி ஃபிரிட்ஜக் குறி பாக்குறாரு."

தௌனோ சிரிக்கவில்லை. "அண்ணி, இது சுட்ட தோட்டாக் கூட்ட மேல துப்புற துப்பாக்கி. எல்லாரும் வைக்கிற எடத்துல ஸ்கோப் வச்சா கூடு அதுல முட்டி உள்ளயே விழும்."

"அதத்தான் டாக்டரும் சொன்னாரு. முன்னால, குழல் மேல வைக்கணுமாம். இந்த ஸ்கோப் அதுக்குன்னே செஞ்சதாம். கண்ணுலேருந்து ஒரு முழம் தள்ளி இருந்தாலும் தெரியுமாம்."

"குழல்ல துளை போடணும்."

"உங்கிட்டதான டிரில் மெஷின் இருக்கு."

தௌனோ துப்பாக்கியைத் தொடாமலே பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்களா கொண்டு வந்தீங்களா?"

"அவருதான் சொன்னாரு. 'தௌனோகிட்ட குடு. அவன் கையில போட்டாத்தான் நேரா இருக்கும்'னாரு. அந்த வார்த்தையவே சொன்னாரு." சைமா ஏப்ரனை விரல்களால் கசக்கினாள். "ரெண்டு வருஷத்துல உம்பேர அவரு வாயால சொன்னது அதுதான் மொத தடவை."

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னான். வேண்டாம் என்றாள். டிரக்கில் ஏறியபின் கண்ணாடியை இறக்கி, "பதினஞ்சாம் தேதி மான் வேட்ட சீசன் தொடங்குது. ஞாபகம் வச்சுக்கோ," என்றாள். அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கே அன்றைக்கு லீவு. ஞாபகப்படுத்த வேண்டிய தேதியில்லை. வேறு ஏதோ சொல்ல நினைத்து அதைச் சொன்னாள் என்று தௌனோவுக்குப் பட்டது.

*

நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச்சில் அண்ணனும் தம்பியும் மேப்பிள் காட்டில் கூலிக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருடமாக ஒன்றாகவே வெட்டியவர்கள். தௌனோ ஒரு மரத்தைச் சாய்த்தான். அது விழும் வழியில் பக்கத்து மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பட்ட கிளையை அடித்துத் தெறிக்கவிட்டது. அந்த நேரம் வெய்க்கோ பெட்ரோல் கேனை எடுக்கக் குறுக்கே நடந்துகொண்டிருந்தான். கிளையின் முறிந்த நுனி அவன் வலது கண்ணில் ஏறியது.

மரத்தைச் சாய்க்கும்முன் கத்த வேண்டும். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய சட்டம் கிடையாது. தான் கத்தியதாகத் தௌனோவுக்கு நினைவு. ஆனால் ஆஸ்பத்திரியில், முகம் முழுக்கக் கட்டோடு படுத்திருந்த வெய்க்கோவிடம் சைமா, "அவன் கத்தலையா?" என்று கேட்டபோது, "எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றான். சைமா வராந்தாவுக்கு வந்தாள். அங்கே ரத்தக்கறைச் சட்டையோடு நின்றிருந்த தௌனோவிடம், "கூடப் பொறந்தவன் குறுக்க நடக்குறது கண்ணுக்குத் தெரியலையாடா உனக்கு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். ஊருக்கே அது போதுமானதாக இருந்தது.

முதல் மாதம், கத்தினேன் என்று தௌனோ சொல்லிப் பார்த்தான். அடுத்த மாதம், கத்தியதாகத்தான் நினைவு என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் தனியாக அந்தக் காட்டுக்குப் போய், அதே அடிமரத்தின் பக்கத்தில் நின்று கத்திப் பார்த்தான். குரல் போய்ப் பனியில் விழுந்தது. அன்றைக்கும் இப்படித்தான் இருந்ததா என்று அவனால் சொல்ல முடியவில்லை. மரம் இழுக்கும் தன் வண்டியை விற்றுவிட்டு, கவுண்டி அரசாங்கத்தின் சாலைக் கேரேஜில் பனித்தள்ளி வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டில் சாப்பிடுவதுதான் அவனுக்கிருந்த குடும்பம். அதுவும் நின்றது. அரை மைல் தூரத்தில் அவர்கள் வீட்டுப் புகைபோக்கி தெரியும். காலையில் புகை வருகிறதா என்று பார்த்துவிட்டு வேலைக்குப் போவான்.

இப்போது, துப்பாக்கியைக் கொடு, அவன் கையில் போட்டால்தான் நேராக இருக்கும் என்று சொல்லியனுப்பியிருக்கிறான் அந்த அண்ணன்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்பை மூட்டிக் கொட்டகையைச் சூடாக்கினான். குளிர்ந்த இரும்பில் துளை போட அவனுக்குப் பிடிக்காது. தோட்டா இல்லை என்பதை மூன்று முறை பார்த்துக்கொண்டான். பின் குறியைப் பித்தளைக் குச்சியால் இடமிருந்து வலமாகத் தட்டி, அதன் பள்ளத்திலிருந்து கழற்றினான். அப்பா காலத்து எண்ணெய் அதற்குள் அரக்குபோல உறைந்திருந்தது. பட்டையின் ஒரு முனை அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். மறு முனையை இரண்டு ஸ்க்ரூ பிடிக்க வேண்டும். அந்த இரண்டு ஸ்க்ரூவுக்குத்தான் துளை.

குழல் சுவரின் கனம் அந்த இடத்தில் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. துளை அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போய் நிற்க வேண்டும். துளைக்கு அடி இருக்க வேண்டும். அதற்கென்று டிரில் மெஷினில் ஒரு தடுப்பு உண்டு. அளந்து வைத்துவிட்டால் துளைக்கும் பிட் அந்த ஆழத்துக்கு மேல் இறங்காது. தௌனோ நான்கு முறை அளந்தான். குழலை அசையாமல் இறுக்கிக் கட்டினான். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு முதல் துளையைப் போட்டான். சுருள் சுருளாக இரும்பு வந்தது. கச்சிதமான துளை. உள்ளே மரை போட்டு ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தபோது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

எழுந்து போய்க் காப்பி ஊற்றிக்கொண்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது. முந்தைய நாள் வாங்கிய, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டியை அடுப்பின் மேல் சூடாக்கித் தின்றான். தின்றுகொண்டே, துப்பாக்கியைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதா, இல்லை சைமாவை வரச் சொல்வதா என்று யோசித்தான். தானே போகலாம். போனால் உள்ளே கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் பூட்ஸைக் கழற்ற வேண்டியிருக்கும். காலுறையில் ஓட்டை இருந்தது. புது ஜோடி போட்டுக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது துளையைத் தொடங்கியதும் பிட்டின் நுனி முறிந்தது. அது பெரிய விஷயமில்லை. முறிந்ததைக் கழற்றிவிட்டு, டப்பாவிலிருந்து புதியதை எடுத்து மாட்டினான். மறுபடி அழுத்தினான். அவன் மனம் காலுறையில் இருந்ததோ, அண்ணன் வீட்டு வாசலில் இருந்ததோ, புதிய பிட் பழையதைவிட நீளம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. தடுப்பைத் திரும்ப அளந்து வைக்கவில்லை.

திடீரென்று கை இலேசானது. எதிர்த்துக்கொண்டிருந்த இரும்பு எதிர்க்காமல் விட்டது.

மெஷினை நிறுத்தினான். குழலின் வாயில் ஒரு டார்ச்சை வைத்துவிட்டு, மறுமுனையில் குனிந்து பார்த்தான். மரைமரையாகச் சுழன்று போகும் பளபளப்பான சுவரில், ஒரு கொசு உட்கார்ந்ததுபோல, சின்னக் கறுப்புப் புள்ளி. டார்ச்சை வெளியே எடுத்துத் துளைக்கு மேல் பிடித்தான். இப்போது அந்தப் புள்ளி வெளிச்சமாகத் தெரிந்தது.

வெகுநேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

மறைக்க வழி இருந்தது. அது அவனுக்கு உடனே தெரிந்ததுதான் கொடுமை. ஒரு ஸ்க்ரூவை இறுக்கி, பசை வைத்து, உள்ளே நீட்டிக்கொண்டிருப்பதைத் தேய்த்துவிட்டால் போதும். மேலே பட்டை மூடிக்கொள்ளும். எவனும் பார்க்கப் போவதில்லை. அப்படிச் செய்த துப்பாக்கிகள் ஊரில் எத்தனையோ சுட்டுக்கொண்டிருக்கும். நூறு தோட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரத்துக்குக்கூட ஆகாமல் போகலாம். ஆனால் வெடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன ஸ்க்ரூவை உள்ளிருந்து ஒரு பிசாசு உதைக்கும். என்றைக்காவது அது பிய்த்துக்கொண்டு கிளம்பினால், ஒரு முழம் பின்னால் வெய்க்கோவின் இடது கண் இருக்கும்.

அந்த வாரம் முழுக்க அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரங்களில் கேரேஜ் போனிலிருந்து துப்பாக்கிக் கடைகளுக்குப் பேசினான். அந்த வருடத்து மாடலுக்குக் குழல் கிடைக்க மார்ச் ஆகும் என்றார் ஒருவர். இன்னொருவர் சிரித்தார்.

"என்ன தௌனோ, போன்ல பொண்ணு பாக்குறியா?" என்றான் கூட வேலை செய்யும் ரூடி. "தெனமும் போனு. போனு வச்சப்புறம் மூஞ்சி கல்லா இருக்கு. எவளும் சரின்னு சொல்லலையா?"

"உந்தங்கச்சிகிட்டதான் பேசினேன். அவளும் மாட்டேங்கிறா."

எல்லோரும் சிரித்தார்கள். தௌனோ வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

*

சனிக்கிழமை சைமா போன் செய்தாள். "அண்ணன் சவுனாவுக்கு வரச் சொல்றாரு. நாலு மணிக்கு அடுப்பு போட்டுடுவேன். துப்பாக்கி முடிஞ்சுச்சா?"

"வந்து சொல்றேன்."

அன்றைக்குத்தான் முதல் பனி விழுந்திருந்தது. கணுக்கால் அளவு. வெய்க்கோ வீட்டின் பின்னால், ஆப்பிள் மரங்களுக்கு அந்தப்பக்கம், அப்பா கட்டிய சவுனாவின், அந்த நீராவிக் குளியல் குடிசையின், புகைபோக்கி நேராகப் புகைந்துகொண்டிருந்தது. தௌனோ புதுக் காலுறை போட்டுக்கொண்டு வந்திருந்தான். உடுப்பு மாற்றும் அறையில் அண்ணனின் சட்டை ஆணியில் தொங்கியது. கறுப்புக் கண்பட்டையும் அதே ஆணியில் தொங்கியது.

உள்ளே இருட்டும் வெக்கையும். மேல் பலகையில் வெய்க்கோ துண்டோடு உட்கார்ந்திருந்தான். அறுபத்தொரு வயதுக்கு உடம்பு இன்னும் முறுக்காகத்தான் இருந்தது. மூடிப்போன இமையைத் தௌனோ அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தான். பார்த்துவிட்டுக் கீழ்ப் பலகையில் உட்கார்ந்தான்.

"மேல வாடா. கீழ என்ன, சின்னப் பிள்ளையா நீ?"

மேலே ஏறி உட்கார்ந்தான். வெய்க்கோ அகப்பையால் தண்ணீர் மொண்டு கற்களில் ஊற்றினான். கல் சீறியது. ஆவி வந்து இருவர் முதுகையும் கடித்தது.

"நாகமாட்டம் கடிக்குது," என்றான் தௌனோ.

"கேரேஜுல குந்திக் குந்தித் தோல் மெலிஞ்சு போச்சு உனக்கு." மறுபடி ஓர் அகப்பை ஊற்றிவிட்டு, "மாட்டிட்டியா?" என்றான்.

"இல்ல." தௌனோ தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அண்ணே, குழல்ல ஓட்ட விழுந்துருச்சு. ரெண்டாவது துளை உள்ள போயிருச்சு. பிட் மாத்தினேன். தடுப்ப மாத்தி வைக்கல. என் தப்புதான்."

"உள்ள வரைக்குமா?"

"உள்ள வரைக்கும்."

"அப்பா துப்பாக்கி."

"ஆமா."

வெய்க்கோ அகப்பையை வாளியில் போட்டான். அது மிதந்து வாளியின் ஓரத்தில் தட்டித் தட்டி நின்றது. "ஸ்க்ரூவ வச்சு அடைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"வேற யாருக்காவது?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்குச் சொன்னே?"

"உனக்கு இருக்கிறது ஒரு கண்ணு," என்றான் தௌனோ. "இன்னொரு தடவ என்னால தாங்க முடியாதுண்ணே."

திட்டுவான் என்று எதிர்பார்த்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். வெய்க்கோ ஒன்றும் செய்யவில்லை. பிறகு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நீ கத்தினடா."

"என்ன?"

"அன்னிக்குக் காட்டுல. நீ கத்தினே. நல்லாக் கேட்டுச்சு. ரெண்டு தடவ கத்தினே."

தௌனோ அவன் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்குக் காலையில நமக்குச் சண்ட. ஞாபகம் இருக்கா? நீ கேரேஜ் வேலைக்குப் போறேன்னு சொன்னே. போய்த் தொலைன்னேன் நான். அந்தக் கோவத்துலயே இருந்தேன். நீ கத்தினதும், இவன் சொல்லி நான் நிக்கணுமான்னு ஒரு திமிரு. நிக்காம நடந்தேன். தாண்டிருவேன்னு நெனச்சேன். தாண்டியும் இருப்பேன். அந்தக் கெள வரும்னு யாருக்குத் தெரியும்?" துண்டால் முகத்தைத் துடைத்தான். "ஆஸ்பத்திரியில சைமா கேட்டா. அவன் கத்தினான், நான்தான் கேக்கலன்னு எப்படிச் சொல்லுவேன்? கேக்கலன்னு வாயில வந்துருச்சு. அப்புறம் அது அப்படியே நின்னுபோச்சு. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு போச்சு."

"ரெண்டு வருஷம்," என்றான் தௌனோ. அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "நான் அந்தக் காட்டுக்குப் போயிருக்கேன் தெரியுமா? தனியா நின்னு கத்திப் பாத்திருக்கேன். எனக்குப் புத்தி பெரண்டு போச்சோன்னு நெனச்சேன். என் காதையே நான் நம்பலண்ணே."

"தௌனோ..."

"ஒரு தொளைய மறைக்க முடியாம ஆறு நாள் சோறு எறங்கல எனக்கு. நீ எப்படி ரெண்டு வருஷம் தின்னே?"

தௌனோ இறங்கினான். கதவைத் திறந்துகொண்டு ஈர உடம்போடு பனியில் நின்றான். உடம்பெல்லாம் புகைந்தது. பிறகு உடுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தான். சமையலறைக் கதவருகே சைமா நின்றாள். உள்ளே மேசையில் காப்பியும், ஏலக்காய் ரொட்டியும், மூன்று தட்டும் இருந்தன.

"அதுக்குள்ள கெளம்பிட்டியா? என்னாச்சு?"

"அவரையே கேளுங்க அண்ணி."

*

அன்று இரவு போன் இரண்டு முறை அடித்தது. அவன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்தபோது சைமா அழுதுகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாதுடா. அந்த வராந்தாவுல நான் கேட்டத... எனக்குத் தெரியாது தௌனோ."

"உங்க மேல ஒண்ணுமில்ல அண்ணி," என்றான். அது உண்மைதான். ஆனாலும் போனை வைத்துவிட்டான்.

சுமை இறங்கினால் மனம் லேசாகும் என்பார்கள். அவனுக்கு அப்படி ஆகவில்லை. இரண்டு வருடமாகத் தன்மேல் இருந்த கோபமெல்லாம் இப்போது திரும்பி அண்ணன் மேல் போய் உட்கார்ந்தது. எடை கொஞ்சமும் குறையவில்லை.

சீசன் தொடங்கிய அன்றைக்கும் மறுநாளும் ஓயாத பனி. கேரேஜில் பாதிப் பேர் லீவு. தௌனோ காலை நான்கு மணிக்கே வந்து வேலை பார்த்தான். மூன்றாம் நாள், பத்து மணிக் காப்பி நேரத்தில், பக்கக் கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. தௌனோ ஒரு பனித்தள்ளிக்கு அடியில் முதுகில் படுத்து போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். வாசலில் நின்ற பூட்ஸைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்தது. இடது பூட்ஸின் நாடா எப்போதும் ஒரு சுற்று அதிகம் சுற்றியிருக்கும்.

"வா வெய்க்கோ," என்றான் ரூடி. "காப்பி குடி. மான் கெடச்சுதா?"

"நான் போகல." வெய்க்கோவின் குரல் தேவைக்கு மேல் சத்தமாக இருந்தது. எழுதி மனப்பாடம் செய்ததுபோல வந்தது. "ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். என் கண்ணு போன அன்னிக்கு என் தம்பி கத்தினான். ரெண்டு தடவ கத்தினான். எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான் நிக்கல. கேக்கலன்னு நான்தான் பொய் சொன்னேன். தப்பு எம்மேல. அவன் மேல இல்ல. எல்லாரும் தெரிஞ்சுக்கணும்."

ஹீட்டர் உறுமியது. ரூடி ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டான்.

தௌனோ வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். ஒரு தள்ளுத் தள்ளினால் முதுகுக்குக் கீழிருந்த சக்கரப் பலகை அவனை வெளியே கொண்டுவந்து அண்ணன் காலடியில் விட்டிருக்கும். ஸ்பேனரை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணிதான் அனுப்பியிருப்பாள், தானாக வந்திருக்க மாட்டான் என்று நினைத்தான். பூட்ஸ் கொஞ்ச நேரம் நின்றது. அதிலிருந்த பனி உருகித் தரையில் ஒரு சின்னக் குட்டையானது. பிறகு திரும்பிப் போனது.

அன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் தன் துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுத்தான். அதுவும் லீவர் துப்பாக்கிதான், ஆனால் புது மாடல். தோட்டாக் கூட்டைப் பக்கவாட்டில் துப்புவது. மேற்புறத்தில் தொழிற்சாலையே துளை போட்டு அனுப்பியிருந்தது. புதிதாக எதையும் துளைக்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணன் பழகியிருப்பது முன்னால் வைத்துப் பார்க்கத்தான், சைமா வாங்கிய ஸ்கோப்பும் அதற்கானதுதான். ஆகவே ஒரு அலுமினியப் பட்டையை வெட்டி, பின்பாதி அந்தத் துளைகளில் உட்காரவும் முன்பாதி குழலின் மேல் நீளவும் அரத்தால் தேய்த்துத் தேய்த்துச் செய்தான். மறுநாள் மத்தியானம் அதை இறுக்கி, வளையங்களைப் பூட்டி, ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தினான். துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனதும் வட்டம் முழுதாகத் தெரியும் இடத்தில் நிறுத்தினான். சரளைக் குழிக்குக் கொண்டுபோய், ஐம்பது கஜத்தில் அட்டைப் பெட்டி வைத்துச் சுட்டான். தன் வலது தோளில் அல்ல, இடது தோளில் வைத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு சுட்டான். பழக்கமில்லாததால் கன்னம் வீங்கியது. பதினோராவது குண்டில் குறி நடுவில் விழுந்தது. அது பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை.

துப்பாக்கியைத் துடைத்து, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தான். நேரே அரை மைல் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். பூட்ஸைக்கூட மாட்டினான். பிறகு கழற்றினான். என்னை இரண்டு வருடம் விட்டான், இரண்டு வாரம் அவன் கிடக்கட்டும் என்று தோன்றியது. இன்னொரு முறை அவனாக வரட்டும், வந்து கேட்கட்டும், கொடுத்துவிடலாம். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது கதவைச் சாத்துகையில் துப்பாக்கி தெரியும். நாளைக்கு என்று நினைத்துக்கொள்வான். சீசன் முடிந்தது. அடுத்த வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வெய்க்கோவின் இடது கண் சிவந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. சளி, காற்று என்று நாலு நாள் விட்டுவிட்டார்கள். காயம்பட்ட கண், வருடங்கள் கழித்து நல்ல கண்ணையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும் வியாதி ஒன்று உண்டாம். எப்போதாவது யாருக்காவது வருமாம். ஊசி போட்டார்கள், சொட்டு விட்டார்கள், பெரிய ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜனவரி கடைசியில் ஜன்னல் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

சைமா போனில் சொல்லித்தான் தௌனோவுக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டு, வேறு ஏதோ பேச்சில், "கேரேஜுக்கு அவரு வந்தாராமே. ரூடி பொண்டாட்டி போன வாரம் கடையில சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்தப் பனியில, ஒத்தக் கண்ணோட டிரக்க ஓட்டிக்கிட்டு வந்துருக்காரு, ஒரு வார்த்த சொல்லல," என்றாள்.

*

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை தௌனோ துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு போனான். வெய்க்கோ சமையலறை மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். தோலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துப் பார்த்து உரித்தான். சைமா அடுப்பருகே நின்றாள்.

"யாரு, தௌனோவா? பூட்ஸக் கழட்டாம நிக்கிறியே. உள்ள வா."

தௌனோ உட்கார்ந்து துப்பாக்கியை அவன் முன்னால் வைத்தான். வெய்க்கோ கையைத் துடைத்துக்கொண்டு தடவினான். லீவர், மேற்புறம், பட்டை, வளையங்கள், ஸ்கோப்பின் சின்னக் குழாய். பட்டையின் ஓரத்தில் விரல் நின்றது.

"அரத்தால தேச்சிருக்கே. இது கடையில வாங்கினது இல்ல."

"இல்ல."

வெய்க்கோ எழுந்தான். துப்பாக்கியை இடது தோளுக்கு ஒரே வீச்சில் கொண்டுவந்து, கன்னத்தைப் பதித்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். "நல்லா வந்து ஒக்காருதுடா. தேட வேண்டியதே இல்ல."

"எடது தோளுக்குத்தான் குறி வச்சேன்."

"ம்." இறக்கவில்லை. "எப்ப மாட்டினே?"

போன வாரம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. தௌனோ அதைச் சொல்லவில்லை. "நவம்பர் பதினெட்டு."

வெய்க்கோ மெதுவாகத் துப்பாக்கியை இறக்கி மேசையில் வைத்தான். உட்கார்ந்து கத்தியைத் தேடினான். சைமா வந்து அதை அவன் கைக்கு நகர்த்தி வைத்தாள்.

"முப்பதோட முடியுது சீசன்," என்றான். "பன்னெண்டு நாள் இருந்துருக்கு."

"ஆமாண்ணே."

"அப்ப எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு." கத்தியைப் பிடித்துக்கொண்டு, உரிக்காமல் இருந்தான். "சீசன் முடியிறதுக்கு முன்ன, தேங்க்ஸ்கிவிங் பண்டிகையன்னிக்குக் காலையில இதோ இந்த ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ஆப்பிள் மரத்துக்குக் கீழ ஒரு கிடா மான் வந்து நின்னுச்சு. கொம்புல எட்டுக் கெள. எண்ணினேன்."

தௌனோ ஜன்னலைப் பார்த்தான். ஆப்பிள் மரங்களின் இடுப்புவரை பனி இருந்தது.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"ரொம்ப நேரம்டா," என்றான் வெய்க்கோ. "ரொம்ப நேரம் நின்னுச்சு."